வெள்ளைப் புகை வந்தால் பம்பைக் கழற்றாதே

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை அவரே எடுத்து எழுத்துக்கூட்டாமல் படிக்கிறார். உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மற்றதெல்லாம் கடைசியில் எழுதுகிறேன். முதலில் ஜீப். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் அங்கே ஏற்காட்டில் இருக்கிற மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பப் போகிறார் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். பம்பைத் தொட விடாதே.

ஏன் என்று சொல்கிறேன். நீயே மூன்று விஷயம் எழுதியிருக்கிறாய். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. சுற்றும்போது சைலன்சரில் வெள்ளையாகப் புகை வருகிறது, கண் எரிகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பிடித்துவிடுகிறது, அப்புறம் சாயங்காலம் வரை ஒரு தொல்லையும் இல்லை. நோய் என்ன என்பது இதிலேயே இருக்கிறது. கண்ணை எரிக்கிற அந்த வெள்ளைப் புகை, எரியாத டீசல். அப்படியென்றால் டேங்கிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து டீசலைத் தெளிக்கிற நாசில், நாசிலிலிருந்து சிலிண்டர் வரை டீசல் போய்ச் சேர்கிறது. பம்ப் தன் வேலையைச் செய்கிறது. அந்த டீசலைப் பற்றவைக்கிற சூடுதான் உள்ளே இல்லை.

டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது என்பது உனக்குத் தெரியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அந்தச் சூடுதான் இதற்கும் ஆதாரம். உன் ஜீப்பில் இருப்பது பழைய பியூஜோ எக்ஸ்டிபி 4.90 எஞ்சின், 2112 சிசி. அந்த வகை எஞ்சின் காற்றைக் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்குக்கு நெருக்குகிறது. அதில் வருகிற சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வகையில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழுவதில்லை. சிலிண்டருக்கு மேல் மூடி மாதிரி இருக்கிற ஹெட்டில் உள்ள சின்ன அறையில் விழுந்து, அங்கே பற்றி, பிறகுதான் சிலிண்டருக்குள் பாய்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தச் சின்ன அறையின் சுவரே காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் அந்த அறையை மின்சாரத்தில் சூடாக்குகிற ஹீட்டர் பிளக், சிலிண்டருக்கு ஒன்றாக நாலு வைத்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பார். நீ இந்த வண்டியை வாங்கியது பண்ருட்டியில். அதுவரை அது முந்திரித் தோப்புகளில்தான் ஓடியது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் போகும். இந்தச் சூட்டில் ரெண்டு ஹீட்டர் பிளக் செத்துப்போயிருந்தாலும் மற்ற ரெண்டு சிலிண்டர் பிடித்து வண்டியை எழுப்பிவிடும். கொஞ்சம் தடதடவென்று ஆடும், கொஞ்சம் புகைக்கும், ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். விற்றவர் எதையும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஏற்காடு அப்படி இல்லை. ஒன்று, காலைக் குளிர். ரெண்டு, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நெருக்குவதற்கு உள்ளே வருகிற காற்றே குறைச்சல். கடலூரில் தூங்கிக்கொண்டிருந்த கோளாறு மலை ஏறியதும் விழித்துக்கொண்டது.

சோதிப்பது எளிது. ஒரு பல்பு ஹோல்டர், இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ரெண்டு வயர் போதும். ஹீட்டர் பிளக்குகளின் தலையைச் சேர்த்துக் கட்டியிருக்கிற பட்டையை முதலில் கழற்றிவிடு. பட்டையோடு வைத்துச் சோதித்தால் ஒன்று நன்றாக இருந்தாலே எல்லாம் நன்றாக இருப்பது போலக் காட்டும். பிறகு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தனித்தனியாகத் தொடு. பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது, நல்ல பிளக் ஒரு ஓம் அளவோ அதற்குக் குறைவாகவோ காட்டும்.

பிளக் நாலும் நன்றாக இருந்தால் உடனே பம்பைச் சந்தேகப்படாதே. மின்சாரம் பிளக் வரை வருகிறதா என்று பார். ஹீட்டர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது பட்டையில் பதினோரு வோல்ட்டாவது இருக்க வேண்டும். நாலு பிளக்கும் சேர்ந்து நாற்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் வழியில் ஒரு இணைப்பு பச்சை பிடித்திருந்தாலே போதும், சூடு பாதியாகிவிடும். கடல் காற்று அடிக்கிற ஜில்லாவில் இருந்த வண்டி அது. எர்த் வயர் சேஸியில் சேரும் இடத்தையும், எஞ்சினில் சேரும் இடத்தையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து மாட்டு. இங்கே துறைமுகத்தில் படகு எஞ்சின்களில் நான் பார்க்கிற ஸ்டார்ட்டிங் தொல்லையில் பெரும்பகுதி இந்த எர்த் இணைப்புதான்.

புதுப் பிளக் வாங்கும்போது நாலையும் சேர்த்து மாற்று. பழையதில் பொறித்திருக்கிற வோல்ட்டைப் பார்த்து அதே வோல்ட்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகக் கழற்று. பலவந்தம் பண்ணினால் முனை ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்து நிற்கும்.

இன்னொன்று. ஏர் கிளீனரைத் திறந்து பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஸ்பிரேயும் அடிப்பார்கள். ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சினில் அது கூடவே கூடாது. பிளக் செந்தணலாக இருக்கும்போது அந்த ஆவி உள்ளே போனால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்னாலேயே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் உடையும், பக்கத்தில் நிற்கிற ஆள் முகத்திலும் அடிக்கும். யாராவது துணியை எடுத்தால் நீ சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்.

சரி, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்கிறாயே, அதையும் ஒரு தடவை அளந்து பார்த்துவிடு. சுற்றும்போது பேட்டரி ஒன்பதரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், காதுக்கு நன்றாகக் கேட்டாலும் வேகம் போதாது. மெதுவாகச் சுற்றினால் நெருக்கிய காற்றின் சூடு சுவருக்குப் போய்விடும். சரிவில் உருட்டி விட்டால் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாயே, அதுவும் இதனால்தான்.

வெள்ளைப் புகைக்கு வேறு காரணங்களும் உண்டு. டைமிங், அதாவது டீசல் தெளிக்கிற நேரம், பின்தங்கியிருந்தாலும் வரும், ஆனால் அப்போது மதியமும் வண்டி ஏற்றத்தில் இழுக்காது. ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் வரும், ஆனால் அது நீராவி, கண் எரியாது, ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருந்தால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும், பிஸ்டனைத் தாண்டிக் கசிகிற காற்று (பேக் கம்ப்ரஷன்) குப்குப்பென்று அடிக்கும். இந்த மூன்றும் உன்னிடம் இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

புகையே வராமல் இருந்திருந்தால் நான் வேறு கடிதம் எழுதியிருப்பேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது ஆற்றோரம் ஒரு விவசாயியின் ஜீப்பைப் பார்க்கப் போனேன். முதலில் ஏர் கிளீனரைத் திறந்து ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் செல்ஃப் அடிக்க விட்டேன். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், தண்ணீரை நெருக்க முடியாதே. சுற்றியது, சுற்றியது, ஒரு இழை புகை இல்லை. ஃபில்டர் அடி போல்ட்டைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தோம். கீழே தண்ணீர், மேலே டீசல் என்று தெளிவாகப் பிரிந்து நின்றது. டேங்கை வடித்து, ஃபில்டர் மாற்றி, கை பம்ப் அடித்து ஏர் எடுத்தோம், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். பிடித்தது, உடனே நின்றது. உள்ளே மறுபடி காற்று.

எல்லோரும் டீசல் எங்கே ஒழுகுகிறது என்று வண்டிக்கு அடியில் தேடினார்கள். ஒழுகாது மச்சான். டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிற குழாய், உறிஞ்சுகிற பக்கம். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டு ஈரம்கூட இருக்காது. அதனால் நான் டேங்கையே வழியிலிருந்து விலக்கிவிட்டேன். சுத்தமான டீசல் ஒரு பாட்டிலில் ஊற்றி, பானெட் கொக்கியில் உயரமாகக் கட்டி, கண்ணாடிக் குழாய் மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூபில் நேராக பம்புக்குள் விட்டேன். ஏர் எடுத்ததும் எஞ்சின் பிடித்து, நிற்காமல் ஓடியது. பம்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் நலம், கோளாறு அந்தப் பக்கம் என்று அந்த ஒரு சோதனையிலேயே முடிவாகிவிட்டது. டேங்க் பக்கத்து ரப்பர் குழாயில் கிளிப்புக்கு அடியில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்தது. பம்புக்கு ஒன்றுமே இல்லை.

டீசலை நாசிலுக்கு அனுப்புகிற ரோட்டரி பம்புக்குள் ஓடுகிற பாகங்களுக்கு அந்த டீசல்தான் எண்ணெயும். தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் பொருந்தி ஓடுகிறவை அவை. ஒழுங்காக வேலை செய்கிறதைத் தேவையில்லாமல் திறந்தால் தூசி போகும், அமைப்பு மாறும், பணமும் போகும். அதனால்தான் முதல் பக்கத்திலேயே அவ்வளவு அழுத்தமாக எழுதினேன். அந்த மெக்கானிக்கிடம் சண்டை போடாதே. இந்தக் கடிதத்தையே காட்டு, பல்பு சோதனையை அவர் கையாலேயே செய்யச் சொல். நல்ல ஆளாக இருந்தால் அவரே சந்தோஷப்படுவார்.

இங்கே மற்றபடி எல்லாம் வழக்கம்போல. சின்னவளுக்குப் புதுச்சேரியில் வேலை கிடைத்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். நீ அடிக்கடி கேட்கிற பலா இன்னும் பிஞ்சாகத்தான் இருக்கிறது, சித்திரைக்கு மேல் வந்தால் பண்ருட்டியிலிருந்து நல்லதாகப் பார்த்து வாங்கி வைக்கிறேன். காப்பி பறிப்பு முடிந்ததும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. ஜீப்பிலேயே வா, இங்கே வைத்து நாசிலையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடலாம்.

நாலு பிளக்கில் எத்தனையில் பல்பு எரிந்தது, ஹீட்டர் அழுத்தும்போது பட்டையில் எத்தனை வோல்ட் வந்தது, இந்த ரெண்டையும் உடனே எழுது.

அன்புடன்,
உன் மஞ்சக்குப்பத்து நண்பன்