எடை பார்த்து நிரப்ப வேண்டிய வாயு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்கு வரும் பலர் நீர்த்தாவரத் தொட்டிகளுக்காகக் கரியமில வாயு உருளைகளையும் வாங்கிச் செல்கின்றனர். அவற்றை நிரப்பித் தருவதில் கூடுதல் கவனம் தேவை.

உருளைக்குள் இவ்வாயு பெரும்பகுதி திரவமாகவே இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் அழுத்தம் ஏறத்தாழ 57 பார் (அழுத்த அலகு). வெப்பம் 31 டிகிரியைக் கடந்தால் திரவநிலை நீடிக்காது, உள்ளே அழுத்தம் கடுமையாக உயரும் என்பதால், அளவுக்கு மீறி நிரப்பிய உருளையைச் சென்னைக் கோடையில் மூடிய வண்டியில் எடுத்துச் செல்வது பேராபத்து. திரவம் தீரும்வரை அழுத்தமானி ஏறக்குறைய ஒரே அளவையே காட்டும். ஆகவே உருளையில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்து, தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். உருளையின் வலுவை அறியும் நீரழுத்தச் சோதனை நாள் பொறிக்கப்படாத பழைய தீயணைப்பு உருளைகளை நிரப்பித் தருவதை நான் கண்டிருக்கிறேன். இது கட்டாயம் நிறுத்தப்பட வேண்டும்.

வீட்டில் உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் திரவம் அழுத்தச் சீராக்கிக்குள் புகும். இரவில் தாவரங்கள் இவ்வாயுவை ஏற்பதில்லை என்பதால், விளக்குடன் சேர்ந்து அணையும் மின்காந்த வால்வு அவசியம். இல்லையேல் விடியலில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்பிளந்து திணறும்.

உருளைகளைக் கண்காணிக்கும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சிறு நிரப்பு நிலையங்களையும் நேரில் ஆய்வு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை