டி.சி. கேட்ட மகனுக்கு

ஒட்டன்சத்திரம்,
18.05.2025

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசத்தான் பார்க்கிறேன். "சரிப்பா, ஷிப்ட் இருக்கிறது" என்று நீ வைத்துவிடுகிறாய். நீ கேட்ட காகிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பும்போது, உறைக்குள் அதை மட்டும் போட்டு ஒட்டவும் மனம் வரவில்லை.

செவலை போன வாரம் கன்று போட்டது. கிடேரி. அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான், தைலம் தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள். முருங்கைக்காய் விலை பறிகூலிக்குக்கூடக் காணவில்லை. அக்காவுக்கு அரசின் புதுமைப்பெண் திட்டப் பணம் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வந்துவிடுகிறது. செய்தி இவ்வளவுதான்.

எட்டாம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது. மாநிலம் முழுவதும் 95.03 சதவீதம் தேர்ச்சி. நூறு பேர் எழுதினால் ஐந்து பேர்கூடத் தவறவில்லை. உன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் தேறிவிட்டார்கள். ஒருவன் லட்டு கொண்டுவந்தான். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, "அவனுக்கும் ஒன்று வைத்திருங்கள் ஐயா" என்று இன்னொன்றையும் வைத்துவிட்டுப் போனான். அது எறும்பு மொய்க்கும்வரை என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

இப்போது நீ சொன்ன திறந்தநிலைப் பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மூலமாக ஓர் ஏஜென்ட், ஆறு மாதத்தில் பிளஸ் டூ, தேர்ச்சி உறுதி, முப்பதாயிரம் என்று சொன்னதாகச் சொன்னாய். தேர்ச்சி உறுதி என்று எவன் சொல்கிறானோ அவனோடு பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள். திறந்தநிலைப் பள்ளியே பொய் என்று நான் சொல்லவில்லை. விசாரித்துவிட்டேன். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி மத்திய அரசின் நிறுவனம், 1989இல் தொடங்கியது, தலைமை அலுவலகம் நொய்டாவில். ஐந்து பாடம் எழுத வேண்டும், 33 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை எழுதிப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் சேரலாம். ஆனால் அதற்கு ஏஜென்ட் எதற்கு? கணினியில் நாமே பதியலாம், கட்டணத்தையும் நேராகக் கட்டலாம். நம் பள்ளி எழுத்தரிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்தால் போதும், அசல் டி.சி.யை அந்த ஆள் எதற்குக் கேட்கிறான் என்று அவரே திருப்பிக் கேட்டார். கிட்டத்தட்ட அதே மாதிரிப் பெயரை வைத்துக்கொண்டு, முத்திரையும் அச்சடித்துக்கொண்டு எத்தனையோ பேர் கிளம்பியிருக்கிறார்கள். அசலைக் கையில் வாங்கிவிட்டால் பிறகு அவன் சொன்னதுதான் தொகை. பணம் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டாயா?

இன்னொரு வழி, இங்கேயே தனித்தேர்வராக எழுதுவது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருபத்திரண்டு வருடமாகத் தேர்வு நாளில் மணியடித்து, அறை அறையாகத் தண்ணீர் கொண்டுபோகிறவன் நான். பத்து மணிக்கு ஒரு மணி, வினாத்தாளைப் படிக்க. பத்து பத்துக்கு ஒன்று, விடைத்தாளின் முகப்பைச் சரிபார்க்க. பத்தேகாலுக்கு ஒன்று, எழுத. இந்தப் பக்கத்து மையத்துக்கு எப்போதோ ஒரு வருடம் தனித்தேர்வர்கள் வந்தார்கள். கைக்குழந்தையை வேப்பமரத்தடியில் மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஒரு பெண் எழுதினாள். நடுநடுவே ஜன்னல் பக்கம் பார்ப்பாள். தலை நரைத்த ஒருவர், "ஐயா, கழிப்பறை எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவர்கள் எல்லாரும் வேறு வழியில்லாமல் அப்படி வந்தவர்கள். உனக்கு வழி இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஜூன் 2, திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நீ பிளஸ் ஒன்னில் எல்லாப் பாடமும் தேறியவன். கணக்குப்பதிவியலில் 81. இன்னும் ஒரே ஒரு வருடம். மார்ச்சில் தேர்வு, மே மாதம் முடிவு. பள்ளியில் படித்தால் ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்குப் பத்து மதிப்பெண் உண்டு. ஒழுங்காக வந்து உட்கார்ந்தாலே அதில் கொஞ்சம் கிடைத்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் ஆயிரம். நீ ஆறிலிருந்து பதினொன்றுவரை இங்கே படித்துவிட்டு, கடைசி ஒரு வருடத்துக்காக அதை விட்டுவிடப் போகிறாயா? பொறியியலுக்கும் சட்டத்துக்கும் இருக்கிற ஏழரை சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். நீ அதற்கெல்லாம் போகப் போவதில்லை என்பாய். போகாதே. கதவைச் சாத்துவானேன்?

அரசு வேலை என்றால் இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவீதம். முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில்தான் படித்தேன் என்று ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். முப்பது வயது, முப்பத்தைந்து வயது ஆட்கள் மனைவியோடு வந்து அலுவலக வாசலில் நிற்கிறார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவது என் வேலை. அந்தப் பதிவேட்டில் தம் பெயரைக் கண்டதும் அவர்கள் முகம் மாறுவதை நீ பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததற்கு அப்போதுதான் மதிப்புத் தெரிகிறது. உன் பெயரும் அதில் இருக்கிறது. பாதியில் நிற்கிறது.

நீ கெட்டிக்காரன் என்பது எனக்குத் தெரியும். கம்பெனியில் கைமடியாக, அதாவது கையாளாகச் சேர்ந்து நான்கே மாதத்தில் செக்கிங்குக்கு மாறிவிட்டாய் என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் டீக்கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்சி வாங்கி அனுப்பினாய், அதை அவள் இன்னும் அட்டைப்பெட்டியோடுதான் வைத்திருக்கிறாள். ஆனால் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிட்டு அறைக்கு வந்து, ஆறு பேர் படுத்திருக்கிற இடத்தில் கணக்குப்பதிவியல் புத்தகத்தை எப்போது திறப்பாய்? முதல் வாரம் திறப்பாய். இரண்டாவது வாரம் திறப்பாய். தனியாகப் படிக்கிறவனுக்கு மணியடிக்க யாரும் இல்லை, தம்பி. பணத்தை மட்டும் கொடுத்துவிடாதே.

இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. அக்கா போனில் உன்னிடம் கேட்டபோது நீ சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இவ்வளவு நாள் எழுதவிடாமல் வைத்திருந்தது. "துரத்தின இடத்துக்கு எதற்கு மறுபடி போக வேண்டும்?" என்று கேட்டாயாம்.

மூன்று தடவை டி.சி. கேட்டாய். முதல் தடவை பீரோ சாவி கிடைக்கவில்லை என்றேன். இரண்டாவது தடவை எழுத்தர் விடுப்பு என்றேன். மூன்றாவது தடவை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. டி.சி. நவம்பர் மாதத்திலிருந்து தகரப்பெட்டியில், உன் தாத்தா பட்டாவுக்கு அடியில்தான் இருக்கிறது. அதை உறையில் போட்டிருக்கிறேன். அதில், மாற்றுச் சான்றிதழ் கோரிப் பெற்றோர் விண்ணப்பித்த நாள் என்று ஒரு வரி இருக்கும். பார். தேதி போட்டிருக்கும். பெற்றோர் என்றால் நான்தான். விண்ணப்பத்தை என் கையால் எழுதினேன். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதினேன்.

பள்ளி உன்னைத் துரத்தவில்லை. நான் அப்படிச் சொன்னேன்.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு பக்கம்தான் அறிவாய். பொருளியல் வகுப்பில் தூங்கினாய், ஆசிரியர் எழுப்பினார், "நீங்களும்தான் ஐயா ஸ்டாப் ரூமில் தூங்குகிறீர்கள்" என்று சொல்லிவிட்டாய். வகுப்பே சிரித்தது. (அவர் தூங்குவது உண்மை. டீ கொண்டுபோய் எழுப்புகிறவன் நான்.) தலைமையாசிரியர் என்னை அழைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்குக் கூட்டிவாருங்கள், ஒரு மன்னிப்புக் கேட்கட்டும், முடிந்தது. வருகைப்பதிவு மட்டும் குறைகிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். நான் சரி என்று வெளியே வந்தேன். டீத் தம்ளர்களை எடுக்க ஸ்டாப் ரூமுக்குப் போனபோது ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஊருக்கே மணியடிக்கிறீர்கள், வீட்டில் ஒருவனை எழுப்ப முடியவில்லையே" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை.

நீ ஏன் தூங்கினாய் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு மாமாவோடு மண்டிக்குப் போய் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு, ஏழு மணிக்கு வந்து குளித்துவிட்டு வகுப்புக்குப் போனாய். அந்தக் கூலியை நீ என்னிடம்தான் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன். அக்காவின் விடுதிக் கட்டணம் அதில்தான் போனது. "என் மகன் இரவெல்லாம் உழைக்கிறான், அதனால் தூங்குகிறான்" என்று அந்த அறையில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மகனை மூட்டை தூக்க அனுப்புகிறவன் என்று என்னைச் சொல்வார்களே என்று பயந்தேன். அதனால் மறுநாள் விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் இரண்டு நாள் வாங்கவில்லை. யோசியுங்கள் என்றார். மூன்றாம் நாள் நானே நின்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து, "உன்னை இனிமேல் சேர்க்க மாட்டார்களாம்" என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. தட்டிலிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாய். அதற்குப் பதில் நீ சண்டை போட்டிருக்கலாம்.

டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் "நன்று" என்று இருக்கிறது. துரத்தின பையனுக்கு அப்படி எழுத மாட்டார்கள்.

மார்ச் 3 தமிழ்த் தேர்வு. அறிவிப்புப் பலகையில் பெயர்ப்பட்டியலை ஒட்டியவன் நானே. உன் பெயர் இருக்காது என்று தெரிந்தும் உன் எழுத்தில் தொடங்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். பத்தேகால் மணியை அன்று அரை நிமிடம் தாமதமாக அடித்தேன். யாரும் கவனிக்கவில்லை.

போன வாரம் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் பெயர் எமிஸ் என்கிற மாணவர் கணினிப் பதிவில், பள்ளியை விட்டவர்களுக்கான பொதுத்தொகுப்பில் கிடக்கிறது, டி.சி.யோடு வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மண்டிக்கு இனி நீ போக வேண்டாம். அக்காவுக்குப் படிப்பு முடிகிறது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்லுகிறேன், நீ போனில் முந்திக்கொள்ளாதே.

வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லும் தகுதியை நான் நவம்பரிலேயே இழந்துவிட்டேன். திறந்தநிலைப் பள்ளிதான் என்று நீ முடிவு செய்தால், பதிவை நம் எழுத்தர் கணினியில் செய்து தருவார், கட்டணம் நான் கட்டுகிறேன். பள்ளிக்கு வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியமே கிளம்பித் தாராபுரத்தில் பஸ் மாறிவிடு. இரவு தாமதமானால் நிற்க இடம் இருக்காது. மாமா மூலமாகச் சொல்லி அனுப்பாதே, நீயே ஒரு வரி எழுது. அந்த ஏஜென்டிடம் பணம் கொடுத்துவிட்டாயா இல்லையா என்பதையும் அதில் எழுது. கொடுத்திருந்தாலும் கோபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: டி.சி.யை லேமினேட் செய்துவிடாதே. முத்திரையின் மேல் பிளாஸ்டிக் ஒட்டினால் எங்கேயும் வாங்க மாட்டார்கள். மழையில் நனையாமல் மிக்சி வந்த மாதிரி ஓர் அட்டைக்குள் வைத்து எடுத்துவா.