பரிசு பெற்ற நூலும் அறுபத்து நான்கு இலையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், ஓரமாக, நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. செட்டிநாட்டுக் கோயில்களைப் பற்றிய ஆங்கில ஆய்வு நூல் ஒன்றுக்கு, மதமும் அரசியலும் என்ற துறையில் வெளிநாட்டு விருது கிடைத்திருக்கிறது என்று. அதற்குக் கீழே முக்கால் பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம். நான் அந்த நான்கு வரியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். நூலை எழுதிய பெண் எங்கள் கோயில் அலுவலகத்தில் எனக்கு எதிரே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவர்.

நான் காரைக்குடிப் பக்கத்து ஊர்க்கோயில் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டு கணக்கு எழுதியவன். 1971-இல் சேர்ந்து 2009-இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகும் பழைய பேரேடு எதையாவது பிரிக்க வேண்டுமென்றால் எனக்குத்தான் ஆள் வரும். அவற்றில் தமிழ் எண்ணும் மாகாணி அரைக்கால் பின்னங்களும் இருக்கும். இப்போதைய பிள்ளைகளுக்கு அது கிரந்தம் மாதிரி. 2014-இல் அந்தப் பெண் வந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சென்னைப் பெண், படிப்பது அமெரிக்காவில். காலை ஒன்பது மணிக்கு வந்தால் நடை சாத்தும்வரை எழுந்திருக்க மாட்டார். கேமராவில் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார், இடையிடையே கேட்பார். கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் தரும் புள்ளி வரியில் கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி என்றேன். ஒருவர் இறந்துவிட்டால் என்றார். அரைப்புள்ளி என்றேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். என் மனைவி அவருக்கென்றே வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்புவாள்.

பிறகு பல வருடம் தகவல் இல்லை. இப்போது விருது.

நூலை வாங்கலாம் என்றால் விலை ஒன்பதாயிரத்துச் சொச்சம். நூலகத்தில் கேட்டேன், பெயரை எழுதிக் கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் பேரன் எப்படியோ செல்பேசியில் வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னான். நன்றியுரையில் ‘கோயில் கணக்கர்’ என்று நானும் இருக்கிறேன். பெயர் இல்லை. பரவாயில்லை, கொஞ்சம்தான் வருத்தம்.

மூன்றாம் அத்தியாயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேரோட்டச் செலவில் ‘காவலர் சாப்பாடு, இலை 8’ என்று வருடந்தோறும் ஒரு பற்று எழுதுவோம். அதை அவர் ஐம்பது வருடத்துக்கு வரிசையாக எடுத்து அடுக்கியிருக்கிறார். எந்த வருடம் இலை கூடுகிறதோ அந்த வருடம் ஊரில் முதல் மரியாதைச் சண்டை, வடம் பிடிக்கும் தகராறு, சமாதானக் கூட்டம். கோயில் கணக்கில் சண்டை என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் சாப்பிட்ட இலையை எழுதாமல் விட முடியாது, தணிக்கைக்காரர் கேட்பார். முப்பத்தெட்டு வருடம் அந்த வரியை என் கையால் எழுதிய எனக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லை. இந்த ஒரு யோசனைக்கே விருது கொடுக்கலாம். மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் பரிதாபி வருடம், அதாவது 1972, இலை 64 என்று இருக்கிறது. ஐம்பது வருடத்தில் அதுதான் உச்சம். நூலில் அது பெரிய மோதலின் தடயம் என்று சொல்லி, அதன்மேல் பதினைந்து பக்கம் கட்டியிருக்கிறார். அந்த வருடம் ஒரு மோதலும் இல்லை. மந்திரி வந்தார்! அவரோடு ஜீப்பிலும் வேனிலும் வந்தவர்கள்தான் அந்த அறுபத்து நான்கு பேர். சாம்பார் தீர்ந்து போய், அடுப்பங்கரையில் ரசத்தில் வெந்நீர் ஊற்றிச் சமாளித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மந்திரி சாப்பிடவில்லை, இளநீர் மட்டும். பரிவட்டம் கட்டப் போனபோது, தலையில் வேண்டாம், கையில் கொடுங்கள் என்று வாங்கிக் கொண்டார். கட்சிக்காரர்கள் பார்க்கிறார்கள், ஊராரும் பார்க்கிறார்கள். இருவர் மனமும் கோணாமல் அவர் கண்ட வழி அது. மதமும் அரசியலும் என்று நூல் எழுதுகிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இளநீர், ரோஜா மாலை, வாடகை நாற்காலி எல்லாம் தனிப் பற்றாக அடுத்த பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை அவர் படம் எடுக்காமல் விட்டிருக்க வேண்டும்.

பேரனை விட்டு அவருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். அன்று இரவே பதில் வந்தது. அடுத்த பதிப்பில் திருத்துகிறேன், அச்சுக்குப் போகுமுன் உங்களிடம் அந்த அத்தியாயத்தை அனுப்பியிருக்க வேண்டும் ஐயா என்று எழுதியிருந்தார். நல்ல பெண். ஆனால் எந்த மொழியில் அனுப்பியிருப்பார்? நான் எட்டாம் வகுப்பு.

இந்தக் கடிதம் அவர்மேல் குறை சொல்ல அல்ல. விருது கொடுக்கிறவர்களைப் பற்றியது. பேரன் தேடிச் சொன்னதில், அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தில் மதமும் அரசியலும் என்றே தனிப் பிரிவு இருக்கிறதாம். சிறந்த நூலுக்கு ஹூபர்ட் மார்க்கன் பெயரில் ஒரு விருது, சிறந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு ஆரன் வில்டாவ்ஸ்கி பெயரில் இன்னொன்று. ஆசிய ஆய்வுச் சங்கம் தெற்காசியா பற்றிய நூலுக்கு ஆனந்த குமாரசாமி பெயரில் பரிசு தருகிறது. குமாரசாமி யார்? கொழும்பில் பிறந்த கலை அறிஞர், தந்தை முத்து குமாரசாமி தமிழர். ஆனால் அந்தப் பரிசு ஆங்கில நூல்களுக்கு மட்டும். அதே சங்கம் ஏ.கே. ராமானுஜன் பெயரில் மொழிபெயர்ப்புக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறது. தெற்காசிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தால் கிடையாது. நம் பக்கத்தில் சாகித்திய அகாடமி தமிழ் மொழிபெயர்ப்புக்குப் பரிசு தருகிறது, உண்மை. கதையும் கவிதையும் அதில் வரும் அளவுக்கு இந்த மாதிரி ஆய்வு நூல் வருகிறதா?

நடுவர்கள் படித்தவர்கள், பெரியவர்கள். ஆனால் பரிதாபி வருடம் மந்திரி வந்தார் என்று அவர்களுக்கு யார் சொல்வது? எங்கள் ஊர்த் திண்ணையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

செட்டிநாடு இப்படி வாரிக் கொடுத்துக் கொண்டேதான் இருக்கிறது. டேவிட் ரட்னர் என்ற அமெரிக்கர் 1994-இல் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பற்றி எழுதிய நூலில், கோயிலுக்குக் கொடுத்த கொடையும் கொடுக்கல் வாங்கலும் வேறு வேறு அல்ல என்று காட்டினாராம். வியாபாரத்தில் கோயிலுக்கென்று எடுத்து வைக்கிற பங்கான மகமை என்ற ஒரே சொல்லில் எங்கள் ஆச்சிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் ஆதாரத்தோடு எழுதி வைத்தாரே, அது பெரிது. காரைக்குடியில் தமிழ்த்தாய்க்கே கோயில் இருக்கிறது. காங்கிரஸில் இருந்து, பிறகு சுதந்திராக் கட்சியில் 1962-இல் சட்டமன்றம் போன கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அதற்கு ஏற்பாடு செய்தார். 1975-இல் முதலமைச்சர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 1993-இல் திறந்தார்கள். மடாதிபதி குன்றக்குடி அடிகளாரும் கடவுள் மறுப்பாளர் பெரியாரும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசியதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இவற்றைப் பற்றி உலகம் எழுதட்டும், பரிசும் வாங்கட்டும். எங்களுக்கும் படிக்கக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீடு நிறையச் சேர்த்த புத்தகங்களை அவர் 1992-இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக வைத்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மனம் இருந்தால் முறையாகச் செய்யத் தெரியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. அதேபோல், ஓர் ஊரைப் பற்றிய நூலை விருதுக்கு அனுப்பும்போது, அந்த ஊர் மொழியில் ஐம்பது பக்கச் சுருக்கம் ஒன்றைப் பதிப்பகத்தார் சேர்த்து வைக்க வேண்டும் என்று விதி போடலாமே. அந்தச் சுருக்கத்தை ஊரில் நாலு பேர் படித்துச் சரி பிழை சொன்ன பிறகு நடுவர்கள் தீர்ப்பு எழுதட்டும். அந்தந்த ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதி இலவசம். பெரிய செலவில்லை; விருது விழாவில் போர்த்துகிற பொன்னாடைக் காசு போதும். (அங்கே பொன்னாடை உண்டா என்று பேரனைக் கேட்டேன், சிரிக்கிறான்.)

நம் அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில், மடம், பள்ளிவாசல், தேவாலயம் இவற்றோடு அரசியலுக்குள்ள கொள்வினை கொடுப்பினையைத் தமிழிலேயே ஆராய்ந்து எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு விருது வையுங்கள். தேர்வுக் குழுவில் பேராசிரியர்களோடு, பேரேடு படிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். எனக்கு இடம் கேட்கவில்லை. என் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. தேவகோட்டைப் பக்கம் என்னைவிடத் தெளிவாகப் படிக்கிறவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பரிதாபி வருடப் பேரேடு எங்கள் கோயில் அலுவலகத்து மரப் பீரோவில், மேல்தட்டில், இடமிருந்து மூன்றாவதாக இருக்கிறது. ஓரத்தைப் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண் தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறார். இளநீர்ப் பற்று உள்ள பக்கத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கோயில் கணக்கர்,
காரைக்குடி வட்டம்.