அத்தானின் இஞ்சினும் உன்னுடைய கம்பனியும்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மாரி தொடங்கிவிட்டது. கடல் ஒரே கொந்தளிப்பு, வள்ளங்கள் எல்லாம் கரையில். மழை விட்ட ஒரு பின்னேரம் நீ பங்கு வாங்கிய கம்பனி என்று அனுப்பிய ஆண்டறிக்கையைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் வாசித்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து தலைவரின் செய்தியை முழுதாக மென்றுவிட்டது. பெரிய நட்டமில்லை. எண்கள் இருந்த பக்கங்கள் தப்பிவிட்டன.

அந்த எண்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். “நிறுத்தி வைத்த இலாபம் 920 மில்லியன் இருக்கிறது, பத்து வருடத்துக்குப் பங்கிலாபத்துக்குப் பயமில்லை” என்கிறாய். அடேய், அது பெட்டிக்குள் கிடக்கிற காசு இல்லை. அதே ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டுகிற பக்கம்) சொத்துப் பக்கத்தைப் பார், காசும் வங்கி மீதியும் 35 மில்லியன்தான். 920 எப்படி வந்தது? போன வருட மீதி 800, இந்த வருட இலாபம் 200, கொடுத்த பங்கிலாபம் 80. கூட்டிக் கழித்தால் சரி. கம்பனி தொடங்கிய நாளிலிருந்து உழைத்ததில் பங்குதாரருக்குக் கொடுக்காமல் விட்டது எவ்வளவு என்று அந்த வரி சொல்கிறது. விட்ட காசு இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது என்று அது சொல்லாது.

எங்கள் அத்தானைப் பார். போன சோளகத்தில் நல்ல மீன்பாடு. உழைத்ததில் பாதியை வீட்டுக்குக் கொடுத்தார், மீதியில் புது இஞ்சினும் இரண்டு வலையும் வாங்கினார். கணக்கெழுதினால் அவரிடமும் நிறுத்தி வைத்த இலாபம் இருக்கிறது. ஆனால் இந்த மாரியில் அரிசி கடைக் கொப்பியில் கடனுக்குத்தான் வருகிறது. இஞ்சினை உலையில் போட முடியுமா என்று அக்கா கேட்டா, அத்தான் வாய் திறக்கவில்லை. அவர் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய இஞ்சினோடு அடுத்த சோளகத்துக்குப் போயிருந்தால் பாதி நாள் கரையில்தான் நின்றிருப்பார்.

நானும் ஒருமுறை இதில் கை சுட்டவன். பெயர் வேண்டாம், ஒரு கம்பனியின் இந்த வரி வருடாவருடம் ஏறுகிறதே என்று பங்கு வாங்கினேன். ஏறியது உண்மைதான். ஆனால் அந்த இலாபம் எல்லாம் விற்காத சரக்காகவும் வராத கடனாகவும் முடங்கிக் கிடந்தது. மூன்றாம் வருடம் பங்கிலாபத்தை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குத்தான் உண்மையில் வந்த காசையும் போன காசையும் காட்டுகிற காசுப் பாய்ச்சல் கூற்று என்று ஒரு பக்கம் இருப்பதே என் கண்ணில் பட்டது.

இன்னொரு வில்லங்கம். வாடகைக்கு விட்ட கட்டிடம், காணி இவற்றை முதலீட்டு ஆதனம் என்று நியாயப் பெறுமதியில், அதாவது இன்றைய சந்தை விலையில், காட்டினால், விலை ஏறிய தொகை அந்த வருட இலாபத்தில் சேர்ந்துவிடும். அங்கிருந்து நிறுத்தி வைத்த இலாபத்துக்கும் போகும். ஒரு சதமும் கைக்கு வந்திராது. குறிப்புகளில் அதைத் தேடிப் பார்.

அப்புறம், கொப்பியின் பின்பக்கத்தில் இப்படிப் போட்டுப் பார். ஐந்து வருடத்தில் ஒரு பங்கு உழைத்தது மொத்தம் 41 ரூபா, பங்கிலாபமாகத் தந்தது 11 என்று வை. உன்னுடைய 30 ரூபாவைக் கம்பனி வைத்துக்கொண்டிருக்கிறது. பங்கொன்றுக்கான உழைப்பு 8 ரூபாவிலிருந்து 8.50க்குத்தான் ஏறியதென்றால், 30 ரூபா வருடத்துக்கு 50 சதம்தான் கூடக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டு வீதமும் இல்லை. நிலையான வைப்பில் போட்டிருக்கலாம். அதே 30ஐ வைத்து 12.50 ஆக்கியிருந்தால் பதினைந்து வீதம். அப்படிப்பட்டவர்கள் பங்கிலாபமே தராவிட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் கம்பனியான பேர்க்‌ஷயர் 1967இல் ஒரே ஒரு தடவை பங்கிலாபம் கொடுத்தது, பங்குதாரர் யாரும் ஏழையாகிவிடவில்லை. ஆனால் நீ எடுக்கிற ஐந்து வருடத்துக்குள் 2022 வந்தால் கவனம். அந்த செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஒன்றும் செய்யாமல் இருந்த கம்பனிக்கும் இலாபம் ஏறியது மாதிரித் தெரியும்.

சட்டமும் இந்த வரியை மட்டும் பார்ப்பதில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கிலாபம் கொடுத்த பிறகும் கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடியுமா, பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்கு வெளியிட்டுக் கம்பனி பெற்ற தொகை) சேர்த்தாலும் சொத்து மிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். 35 மில்லியனை வைத்துக்கொண்டு உன்னுடைய ஆட்களுக்கு எவ்வளவு குறுங்காலக் கடன் கட்ட இருக்கிறது? மான் தின்றது தலைவரின் பக்கத்தைத்தான், ஆனால் நீ அனுப்பியதிலேயே கடன் குறிப்பு இல்லை. அதைப் படம் பிடித்து அனுப்பு, ஐந்து வருட எண்களையும் சேர்த்து. அதுவரைக்கும் மேலும் பங்கு வாங்காதே.

அக்கா உனக்குக் கருவாடு கட்டி வைத்திருக்கிறா. வருகிற கிழமை தம்பி பஸ்ஸில் அந்தப் பக்கம் வருகிறான், கொடுத்துவிடுகிறேன்.

ஒரே வாங்கில் இருந்து படித்த,
உன் நண்பன்