தாய்மாமன் கிரியோன்

டேய் முத்து,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம், முழங்கால் வலி அப்படியேதான், உன் சுகர் எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பழைய கிரேக்க நாடகம் ‘ஆன்டிகனி’ கிடைத்தது. கல்லூரி நாடகத்தில் நீ காவலாளி வேஷம் கட்டினபோது பென்சிலால் கோடு போட்ட அதே பிரதி. (மீசையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.) அப்போது நமக்குக் கிரியோன் ஒரு சர்வாதிகாரி, அவ்வளவுதான். ‘அங்கிள்’ என்று ஆங்கிலத்தில் படித்துத் தொலைத்ததால் உறைக்கவில்லை. அவன் ஆன்டிகனியின் அம்மா யோகாஸ்டாவின் உடன்பிறந்தவன்டா, அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன்! அவளுக்கு நிச்சயம் செய்த ஹீமன் மாமன் மகன். அவள் அப்பா தன் தாயென்று தெரியாமல் யோகாஸ்டாவையே கட்டினவன், அதனால் அவளுக்கு அப்பாவே அண்ணன் என்பதால் எந்தப் பக்கம் உறவை எண்ணுவது என்று தாடி சார் கேட்டு நம்மை முழிக்க வைத்தது வேறு கதை.

ஆன்டிகனியின் சகோதரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் குத்திச் செத்ததும் தீப்ஸ் நகரம் கிரியோன் கைக்கு வருகிறது. செத்தவர்களுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால்தான் இந்தப் பதவி என்று சபையில் அவனே சொல்கிறான். சொன்ன கையோடு, அந்தச் சொந்தத்தில் ஒருவனைப் புதைக்கக் கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்கிறான். அவள் போய் ஒரு பிடி காய்ந்த மண்ணை அண்ணன் மேல் தூவுகிறாள். கிரியோனுக்கோ, சகோதரி மகளானாலும் தப்ப முடியாதாம், வீட்டு ஆளையே அடக்காவிட்டால் ஊரை எப்படி அடக்குவதாம். “நான் உங்கள் பிள்ளை, அப்பா” என்று பணிவாகத் தொடங்கின ஹீமன், ஒரே ஆளுக்குச் சொந்தமானது ஊரே இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால் போன மாதம் கிரியோனின் இதே வசனத்தை நான் பேசியிருக்கிறேன்.

அக்கா வீட்டுக்காரர் செத்துப்போனார். பதினொரு வருஷத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன மனுஷன், நம் வீட்டிலிருந்து ஒருத்தரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அக்கா மகள் சின்னு யாரிடமும் சொல்லாமல் ராத்திரி பஸ் பிடித்துப் போய், வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்து நின்றாள். ஒரு பிடி அரிசிடா. இனி என் வாசற்படி மிதிக்காதே என்றேன். மிதிக்கவில்லை, போனையும் எடுப்பதில்லை.

முப்பதாம் நாள் காரியத்துக்கு மாலையோடு போய் நில், எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் அக்கா. ஆனால் நாடகத்தின் கடைசியை மறுபடி படித்துப் பார். அவளை உயிரோடு குகையில் அடைத்துவிட்டான். முதலில் பெண்ணை வெளியே விடு, அப்புறம் செத்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்றுதான் பெரியவர்கள் கிரியோனிடம் சொல்கிறார்கள். இவன் முதலில் பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு கட்டிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் துணியில் தொங்கிக்கொண்டிருக்கிறாள், மகன் இவன் முகத்தில் துப்பிவிட்டு வாளை உருவுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஹாஸ்டலுக்குப் போகிறேன். நீயும் வா, உன்னைப் பார்த்தால்தான் அவள் சிரிப்பாள். என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது, உன் காரை எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடு.

ரகு