வளைவில் நின்ற அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெபூர் காட்டுச் சாலையில் நான் பைக்கிலிருந்து விழுந்தது, பிரான்சைச் சேர்ந்த இந்த ரியூனியன் தீவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் தெரிந்துவிட்டது. காரைக்காலில் இருக்கும் என் அத்தைக்கு, நான் மருத்துவமனையில் கண் விழிப்பதற்கு முன்பே தெரிந்திருக்கிறது! ஆகவே அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது போதும்.

கூட வண்டி ஓட்டி வந்த தம்பிகளுக்கு முதலில் நன்றி. அதிலும், காட்டுக்குள் சிக்னல் இல்லை என்றதும் பெத்தித் ப்ளேன் ஊர் வரை அந்த ஈரத்தில் திரும்பி ஓட்டிய தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு. மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வராது என்று தெரிந்ததும் தரைவழியே ஏறி வந்த தீயணைப்பு வீரர்கள், இரவெல்லாம் வந்து வந்து பார்த்த செவிலியர், வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் “பில் பத்தி அப்புறம் பேசிக்கலாம் அண்ணே” என்ற மெக்கானிக், தூக்குவாளியில் மிளகு ரசம் கொண்டுவந்த சேன் அந்த்ரே ஊர் அக்கா, கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்த பெரியவர்கள் எல்லோருக்கும் நன்றி. யார் பெயரையும் எழுதவில்லை. ஒருவரை விட்டாலும் வம்பு.

பிக்னிக் வந்திருந்த, தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் அந்தக் குடும்பத்துக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு வந்து எனக்கு மேலே பிடித்தார்கள். விறகுப் புகையும் பூண்டும் மஞ்சளும் கலந்த வாசனை அதில். வலியோடு வலியாக எனக்குப் பசித்தது என்றால் நம்புவீர்களா?

சரி, இப்போது அந்த அம்மா.

அவர் செய்தது என்ன என்று புரிய அந்தச் சாலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் வளைவு என்றாலே சிலாவோஸுக்குத்தான் போவார்கள். நானூறு வளைவுச் சாலை என்று அதற்குப் பேர். எங்களுக்குப் பிடித்தது இந்தப் பக்கம். ப்ளேன் தே பால்மிஸ்த் ஊரைத் தாண்டி, பெபூர் வழியாகப் பெலூவ் காட்டை நோக்கிப் போகிற வனத்துறைச் சாலை. குறுகல். எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒரு பகுதியில் வனத்துறை நட்ட கிரிப்டோமேரியா மரங்கள், ஜப்பானிய இனம், வரிசையாகத் தூண் தூணாக நிற்கும். அதற்குள் நுழைந்தால் பகலிலேயே இருட்டு. வெளியே வந்தால் ஆள் உயரத்துக்கு மேல் மரப்பெரணிகள், அப்புறம் புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே வளர்ந்து நிற்கும் தமரேன் மரங்கள். பேரைக் கேட்டுப் புளியமரம் என்று நினைக்க வேண்டாம், அது வேல இனம். இந்தத் தீவுக்கே சொந்தமான மரம். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்த ஈர மண் வாசனையை வாங்கிக்கொண்டு இரண்டாவது கியரில் போவதற்கு ஈடாக எனக்கு எதுவும் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் தார் காய்வதே கிடையாது. 1966 ஜனவரியில் எரிமலைப் பக்கம் ஃபோக் ஃபோக்கில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்து உலக சாதனையான தீவு இது. சாதாரண நாளிலும் காலை பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறிவிடும். ஓரத்தில் பாசி. நான் கிடந்த இடமோ வளைவுக்கு அந்தப் பக்கம். ஏறி வருகிறவனுக்கு, மேலே வந்து மோதும்வரை நான் அங்கே கிடப்பது தெரியாது.

என்னைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் அசையாதே என்றார், ஒருவர் அசைத்துப் பார் என்றார். எனக்கோ காது முழுக்க வளைவின் மேல்தான். காட்டில் வண்டி வருவது வெகு தூரத்திலேயே கேட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் அடிவயிறு கலங்கியது. இது என்மேல்தான் ஏறப் போகிறது, இல்லாவிட்டால் குனிந்து நிற்கிற இந்தப் பிள்ளைகள்மேல். ஆனால் ஒவ்வொரு வண்டியும் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தது. பிறகு நடை வேகத்தில் ஊர்ந்து வந்து எங்களைத் தாண்டிப் போனது. அதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் குரல், “தூஸ்மான்! தூஸ்மான்!” மெதுவா, மெதுவா என்று. யாரோ பிக்னிக் குடும்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லையாம். தம்பிகள் அப்புறம் சொன்னார்கள். சாலைச் சரிவில் கோயாவியே பறித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா. இது அந்தச் சின்னச் செங்கொய்யாப் பருவம். காட்டு மரங்களை நெருக்கி அழிக்கிற வந்தேறிச் செடி என்று வனத்துறைக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஊரோ அதற்கு விழாவே எடுக்கிறது. ஏழைபாழைகளுக்கு அந்தப் பருவத்தில் கொஞ்சம் காசு. அந்த அம்மா சத்தம் கேட்டு மேலே ஏறி வந்து என்னை ஒரு பார்வை பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பி நடந்திருக்கிறார். “பயந்துபோய்க் கிளம்பிட்டாங்கன்னு நினைச்சோம் அண்ணே” என்றான் தம்பி.

வளைவுக்கு முன்னால் போய், பழம் நிறைந்த சிவப்பு வாளியைச் சாலை நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருக்கிறார். முதலில் வந்த கார் வாளியை உரசிக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றதாம். காலையிலிருந்து பறித்த பழம் அத்தனையும் தாரில் உருண்டு ஓடியது. அவர் ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை. காலி வாளியைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தூறலில் அப்படியே நின்றிருக்கிறார். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை. யாரும் அவரைக் கவனிக்கவும் இல்லை.

ஆம்புலன்ஸ் கீழே இறங்கும்போது பின்கண்ணாடி வழியே பார்த்தேன். இடுப்பில் கயிறு கட்டிய மழைச்சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். முகம் தெரியவில்லை.

விபத்து என்றால் நாம் எல்லோரும் ஓடிப்போய்ச் சுற்றி நிற்கிறோம். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். அடிபட்டவனை விட்டு விலகி நடக்க அந்த அம்மாவுக்கு எப்படித் தோன்றியது என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். மாத்திரையில் தூக்கமும் சரியாக வருவதில்லை. இங்கே பிரெஞ்சுச் சட்டப்படி 2016 முதல் பைக் ஓட்டுகிறவர்கள் மஞ்சள் ஒளிச்சட்டை ஒன்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும். எல்லோருடைய சீட்டுக்கு அடியிலும் அது மடித்தபடியே கிடக்கிறது. இனி எந்தச் சாலையில் யார் விழுந்து கிடந்தாலும், நான் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வளைவுக்குப் போவேன். இது என் சபதம். பைக்கையே விற்றுவிடுங்கள் என்பது வீட்டம்மாவின் சபதம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த மடலை அந்த அம்மா படிக்கப் போவதில்லை. மல்பார் வீட்டு அம்மாவோ (தமிழ் வழி வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), வேறு யாரோ, அதுவும் எனக்குத் தெரியாது. மல்பாராகவே இருந்தாலும் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதனால் படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். பருவம் முடிவதற்குள் சேன் பெனுவா, சேன் அந்த்ரே பக்கத்திலிருந்து யார் ப்ளேன் தே பால்மிஸ்த் ஊருக்கு ஏறினாலும், சாலையோரம் கோயாவியே விற்கிற அம்மாக்களிடம் விசாரியுங்கள். சிவப்பு வாளி, கயிறு கட்டிய மழைச்சட்டை. கண்டுபிடித்தால், பைக்கிலிருந்து விழுந்தவன் நன்றாக இருக்கிறான், கட்டுப் பிரித்ததும் நேரில் வருவான் என்று கிரியோலில் சொல்லுங்கள். அவரிடம் இருக்கிற பழம் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். காசு என் கணக்கு.

சேன் அந்த்ரேயிலிருந்து,
உங்கள் அன்புச் சகோதரன்