அட்லாண்டா பிரேவ்ஸ் நிர்வாகத்தாருக்கு: அந்தப் பெயரை யாரிடம் கேட்டுச் சூட்டினீர்கள்?

மதிப்பிற்குரிய அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

நான் உங்கள் அணியின் ரசிகன். உங்கள் அணியின் கருப்பின ஆட்டக்காரர் ஹாங்க் ஆரனின் கதை வழியாகத்தான் பேஸ்பால் ஆட்டத்துக்குள் நுழைந்தேன். கொலை மிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்த காலத்தில், 1974 ஏப்ரல் 8 அன்று அவர் தம் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைக் கடந்த காட்சியைப் பிற்காலத்தில் ஒளிப்பதிவில் பார்த்தேன். அதன்பின் வேறோர் அணியை நாடவில்லை. ஆகவே 2021-இல் நீங்கள் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். ஆனால் அத்தொடர் உங்கள் அரங்கத்துக்கு வந்த இரவுகளில், முரசு ஒலிக்க, நாற்பதாயிரம் பேர் தம் கையையே கோடரியாகப் பாவித்து மேலும் கீழும் வெட்டிக்கொண்டு ஒரே மெட்டில் ஓலமிட்டதைப் பார்த்தபோது, வெற்றியை மனம் நிறைந்து கொண்டாட என்னால் இயலவில்லை. அன்றுமுதல் மனத்தில் கிடக்கும் இரண்டு வேண்டுகோள்களை இம்மடலில் வைக்கிறேன். டோமஹாக் சாப் எனப்படும் அந்தக் கோடரி வெட்டை இப்போதே நிறுத்துங்கள். பெயரையும் மாற்றுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பூர்வகுடி மக்களைத் தமிழில் நெடுங்காலமாகச் 'செவ்விந்தியர்' என்றே எழுதி வந்திருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். திசை தவறி வந்த ஒரு மாலுமி இட்ட பெயரும், பிறர் அவர்கள் தோலுக்குப் பூசிய நிறமும் சேர்ந்த அந்தச் சொல்லில் அம்மக்கள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது எதுவுமே இல்லை. அதைக் கைவிட எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. ஒரு பெரிய அணிக்கு அது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் எளிதன்று என்பதும் இயலாது என்பதும் வெவ்வேறு.

'பிரேவ்' என்பது வீரனைக் குறிக்கும் சொல்தானே, வசைச்சொல் அல்லவே, வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியின் 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பழைய பெயரோடு இதை எப்படி ஒப்பிடலாம் என்று உங்கள் தரப்பில் கேட்கப்படுகிறது. வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாஷிங்டன் சுமந்த சொல், பூர்வகுடி மக்களைக் கொல்வோருக்குப் பரிசு அறிவித்த 1863-ஆம் ஆண்டின் மினசோட்டா நாளிதழ்ச் செய்தியில் இடம்பெற்ற சொல். உங்கள் சொல் அத்தகையதன்று. ஆனால் பெயர்ச்சொல்லாக வரும்போது ஆங்கிலத்தில் அது எல்லா வீரர்களையும் பொதுவாகக் குறிப்பதில்லை, பெரும்பாலும் பூர்வகுடிப் போர்வீரனையே குறிக்கிறது. அதை உங்கள் அணி எப்படிப் பெற்றது என்ற வரலாற்றைப் பார்த்தால், 'அவர்களைச் சிறப்பிக்கவே இப்பெயர்' என்ற விளக்கம் நிற்கவில்லை.

1912-இல் அணி பாஸ்டன் நகரில் இருந்தது. அப்போது அதை வாங்கிய ஜேம்ஸ் காஃப்னி, நியூயார்க்கின் டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பைச் சேர்ந்த ஒப்பந்ததாரர். அந்த அமைப்பு லெனாபி மக்களின் தலைவரான டாமனெண்டின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு, தன் உறுப்பினர்களைப் 'பிரேவ்கள்' என்று அழைத்துவந்தது. உரிமையாளரின் கட்சி அடையாளம் அணியின் பெயரானது, அவ்வளவுதான். லெனாபி மக்களிடமோ, நீங்கள் பின்னர் வந்து சேர்ந்த ஜார்ஜியாவின் செரோக்கி, மஸ்கோகி மக்களிடமோ எவரும் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தார் விளையாட்டாக எடுத்துக்கொண்ட பெயரை இன்னொருவர் வணிகத்துக்காக எடுத்துக்கொண்டார். சிறப்பிக்கும் நோக்கம் என்பது, கேள்விகள் எழுந்த பிறகு தேடிக் கண்டெடுத்த விளக்கமாகவே எனக்குத் தெரிகிறது.

அந்த ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். பூர்வகுடி மக்கள் அனைவரையும் அமெரிக்கக் குடிமக்களாக ஏற்ற சட்டம் வந்தது 1924-இல். அவர்களுடைய சூரிய நடனத்தையும் சடங்குகளையும் குற்றமாக்கிய விதிகளை 1883-இல் உள்துறை கொண்டுவந்திருந்தது. 1930-களில்தான் அவை கைவிடப்பட்டன. ஆக, உங்கள் அணி தன் சட்டையில் அவர்களின் பெயரைப் பொறித்துக்கொண்ட 1912-இல், அவர்களுள் பலர் சொந்த மண்ணில் குடிமக்கள் அல்லர். தம் முன்னோரின் நடனத்தை ஆடினால் உணவுப் பங்கீடு நிறுத்தப்படவும் சிறையில் அடைக்கப்படவும் கூடும் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்டது ரசிகர்களுக்குப் பொழுதுபோக்காக வழங்கப்பட்டது என்பதே இந்தப் பெயரின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது.

இனி, நீங்கள் ஆடும் நிலத்தைப் பற்றி. 2017-இல் திறக்கப்பட்ட உங்கள் அரங்கம் காப் மாவட்டத்தில், சட்டஹூச்சி ஆற்றுக்கு வடமேற்கே இருக்கிறது. செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து பிரித்தெடுத்து 1832-இல் உருவாக்கப்பட்ட மாவட்டம் அது. அதே ஆண்டில் ஜார்ஜியா அரசு அந்நிலங்களைக் குலுக்கல் முறையில் வெள்ளையர்களுக்கு வழங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத நியூ எக்கோட்டா அன்று செரோக்கிகளின் தலைநகரம். செக்வோயா என்ற ஒரு மனிதர் ஏறத்தாழ தனியாளாக, எழுத்தறிவே இல்லாத நிலையிலிருந்து தொடங்கி, 1821-இல் தம் மொழிக்கென ஓர் எழுத்து முறையை வகுத்தார். ஏழாண்டுகளில் அவ்வெழுத்தில் ஒரு செய்தித்தாள் நியூ எக்கோட்டாவிலிருந்து வெளிவந்தது. தமிழ் வாசகன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். தாய்மொழியில் அச்சு ஏறுவதைப் பேறாகக் கருதும் ஒரு சமூகத்தில் பிறந்தவனுக்கு, அந்த அச்சகத்தை ஜார்ஜியாவின் படையினர் 1835-இல் பறித்துச் சென்றார்கள் என்ற செய்தியை எளிதில் கடந்துபோக முடியவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1838-இல், படைவீரர்கள் வீடு வீடாகச் சென்று அம்மக்களைத் திரட்டி மேற்கே ஓட்டினார்கள். கட்டாயமாக வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர் வரை முகாம்களிலும் வழியிலும் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. ஆற்றுக்குத் தெற்கே இருந்த மஸ்கோகி மக்களின் நிலம் அதற்கு முன்பே ஒப்பந்தங்கள் வழியாகப் பறிக்கப்பட்டிருந்தது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு கோடரி வெட்டுகிறார்கள். நீங்கள் அதற்கு முரசு ஒலிக்கிறீர்கள்.

எழுத்தும் செய்தித்தாளும் அரசியல் சாசனமும் உச்ச நீதிமன்ற வழக்கும் கொண்டு தம் நிலத்தைக் காக்கப் போராடிய ஒரு மக்களை, கோடரியும் ஓலமுமாக மட்டுமே அந்தச் சைகை நினைவூட்டுகிறது. அதை அவர்களின் மரபு என்றும் சொல்ல வழியில்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரசிகர்களிடமும் வாத்தியக் குழுவிடமும் புழங்கியது 1991-இல் உங்கள் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு உலகத் தொடருக்காக உங்கள் அணி மினியாபொலிஸ் சென்றபோது, அரங்க வாயிலில் பூர்வகுடி மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எனவே 'இதுவரை யாரும் சொல்லவில்லையே' என்று கூற உங்களுக்கு முதல் ஆண்டிலிருந்தே இடமில்லை.

2019 அக்டோபரில் நடந்தது இன்னும் தெளிவானது. எதிரணியான செயின்ட் லூயிஸின் பந்து வீச்சாளர் ரையன் ஹெல்ஸ்லி செரோக்கி நாட்டின் குடிமகன். அந்தச் சைகை தம் மக்களைக் குகை மனிதர்களைப் போலக் காட்டுகிறது என்று அவர் அமைதியாக, நேராகச் சொன்னார். அடுத்து உங்கள் அரங்கில் நடந்த ஆட்டத்தில் ரசிகர்களுக்கு நுரைக் கோடரிகளை வழங்காமல் நிறுத்தினீர்கள். அவர் களத்தில் இருக்கும்போது அந்த இசையை ஒலிக்கவிடமாட்டோம் என்றும் அறிவித்தீர்கள். அன்று உங்களைக் குறித்து நான் பெருமைப்பட்டேன். ஆனால் ஒருவர் களத்தில் நிற்கும்போது அவர் முன் செய்யத் தகாத செயல், அவர் இல்லாதபோது மட்டும் எப்படித் தகுந்ததாகும்? 2020-இல் 'பரிசீலித்து வருகிறோம்' என்றீர்கள். 2021-இல் அரங்கம் நிறைந்தது. கோடரியும் திரும்பி வந்தது.

அந்த ஆண்டு லீக்கின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட், அவ்வட்டாரத்துப் பூர்வகுடி மக்கள் பிரேவ்ஸ் அணியை முழுமையாக ஆதரிக்கிறார்கள் என்றார். கிழக்கு செரோக்கி குழுவினரோடு நீங்கள் உறவு பேணி வருவதும், அப்போது அவர்களின் தலைவராக இருந்தவர் தமக்கு அந்தச் சைகை புண்படுத்துவதாக இல்லை, கவலைப்பட வேறு பெரிய சிக்கல்கள் உள்ளன என்ற பொருளில் பேசியதும் உண்மை. அவருடைய சொல்லை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வடக்கு கரோலைனாவில் வாழும் அவர்களுள் பெரும்பாலோர், வெளியேற்றத்துக்குத் தப்பி மலைகளில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள். ஜார்ஜியாவிலிருந்து ஓட்டப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஓக்லஹோமாவில் இருக்கிறார்கள். வட்டாரத்தை விட்டு விரட்டப்பட்டவர்கள் வட்டாரத்தில் இல்லை என்பதால் அவர்கள் கருத்து கணக்கில் வராது என்றால், அந்த வெளியேற்றத்தை இன்னொரு முறை செய்வதாகாதா? 1944 முதல் இயங்கும் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியக் காங்கிரஸ், ஆணையரின் கூற்றை வெளிப்படையாகவே மறுத்தது.

கருத்துக் கணிப்புகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2016-இல் 504 பேரிடம் தொலைபேசியில் கேட்டு, பத்தில் ஒன்பது பேருக்கு வாஷிங்டன் அணியின் பெயரால் வருத்தமில்லை என்றது ஒரு நாளிதழ். 2020-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வாளர்கள் கேட்டபோது ஏறத்தாழப் பாதிப் பேர் அது புண்படுத்துவதாகச் சொன்னார்கள். எண்களைவிட, உளவியலாளர் ஸ்டெஃபனி ஃப்ரைபர்கும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அணிச் சின்னங்களைப் பார்த்த பூர்வகுடி மாணவர்கள் அவற்றைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னபோதும், தம்மைப் பற்றியும் தம் சமூகத்தைப் பற்றியும் அவர்கள் கொண்டிருந்த மதிப்பும், எதிர்காலத்தில் தாம் என்னவாக முடியும் என்ற எண்ணமும் குறைந்தன என்பதை அது காட்டியது. பாராட்டும் தொனியில் அமைந்த சின்னமும் சுருக்கிவிடும் என்பதே அதன் பொருள். உங்கள் பெயருக்கு இது நேராகப் பொருந்துகிறது.

பூர்வகுடி தொடர்பான எல்லாப் பெயர்களும் ஒழிய வேண்டும் என்பது என் கருத்தன்று. புளோரிடாவின் செமினோல் மக்கள், தம் பெயரை அங்குள்ள பல்கலைக்கழக அணி தாங்கி நிற்க முறைப்படி இசைவு அளித்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற சிறிய லீக் அணி, ஸ்போகேன் மக்களோடு கலந்து தன் சின்னத்தை வகுத்து, சட்டையில் அவர்களின் சாலிஷ் மொழியிலேயே பெயரைப் பொறித்திருக்கிறது. அங்கே பெயருக்கு உரியவர் இருக்கிறார், அவரிடம் கேட்கப்பட்டிருக்கிறது, அவர் நாளை இசைவைத் திரும்பப் பெறவும் முடியும். சூ மக்களின் பெயரைத் தாங்கிய வடக்கு டகோட்டா பல்கலைக்கழக அணிக்கு அம்மக்களுள் ஒரு குழு இசைவு தந்து இன்னொன்று தராதபோது, இறுதியில் பழைய பெயர் போய்விட்டது. உங்கள் பெயருக்கோ உரிய மக்கள் என்று எவருமே இல்லை. அது அனைவரையும் ஒரே தலையாக்கி ஒரே கோடரியைக் கையில் கொடுக்கிறது. இசைவு தர ஒருவரும் இல்லாத பெயரை இசைவோடு வைத்திருக்க வழியில்லை.

மாற்றினால் வரலாறு அறுந்துவிடும் என்ற அச்சத்துக்கு உங்கள் அணியின் வரலாறே விடை தருகிறது. 1871 முதல் இடையறாது ஆடிவரும் இந்த அணி பாஸ்டனிலேயே பீனீட்டர்ஸ், டவ்ஸ், ரஸ்ட்லர்ஸ் என்று பல பெயர்களில் விளங்கியது. 'பிரேவ்ஸ்' ஆன பிறகும் 1936 முதல் 1940 வரை 'பீஸ்', அதாவது தேனீக்கள், என்று ஆடியது. 1953-இல் மில்வாக்கிக்கும் 1966-இல் அட்லாண்டாவுக்கும் குடிபெயர்ந்தது. வாஷிங்டனின் பழைய உரிமையாளர் ஒருபோதும் மாற்றமாட்டேன் என்று 2013-இல் சொன்னார். பூர்வகுடிச் செயற்பாட்டாளர்களான சூசன் ஹார்ஜோவும் பின்னர் அமாண்டா பிளாக்ஹார்ஸும் கால் நூற்றாண்டு வணிகக்குறி வழக்கு நடத்தியும் அசையாத அவர், 2020-இல் விளம்பர நிறுவனங்கள் கைவிரித்ததும் சில நாள்களில் பணிந்தார். கிளீவ்லாந்து பேஸ்பால் அணி 'இந்தியன்ஸ்' என்ற பெயரை விட்டு, தன் நகரப் பாலத்தின் காவல் சிலைகளிலிருந்து 'கார்டியன்ஸ்' என்ற புதுப் பெயரை எடுத்துக்கொண்டது. நீங்கள் இவ்வளவு தூரம் தேட வேண்டியதும் இல்லை. 2021 ஜனவரியில் ஹாங்க் ஆரன் மறைந்தபோது, 'சுத்தியல்' என்ற அவருடைய பட்டப்பெயரிலிருந்து அணிக்கு 'ஹாமர்ஸ்' என்று பெயரிடலாம் என்று ரசிகர்களே சொன்னார்கள். கோடரியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுக்க உங்களுக்கு ஒரு மனிதர் இருக்கிறார், அவர் உங்களுடையவர்.

2025 ஜூலையில் அமெரிக்க அதிபர், வாஷிங்டனும் கிளீவ்லாந்தும் பழைய பெயர்களுக்கே திரும்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். காற்று இப்போது எதிர்த்திசையில் வீசுகிறது என்பதை அறிந்தே எழுதுகிறேன். விளம்பரதாரர் எவரும் நெருக்காத இந்த நேரத்தில் நீங்களாக எடுக்கும் முடிவை, பணத்துக்காக எடுத்தது என்று எவரும் சொல்ல முடியாது.

ஓக்லஹோமாவின் டாலக்வாவில் செரோக்கி நாட்டின் அரசும், ஓக்மல்கியில் மஸ்கோகி நாட்டின் அரசும் இருக்கின்றன. கிழக்கு செரோக்கி குழுவினரோடு பேசுவதைப் போலவே அவ்விரு அரசுகளுக்கும் முறைப்படி எழுதிக் கேளுங்கள். அவர்கள் தரும் விடைக்குக் கட்டுப்படுவோம் என்று அக்கடிதத்திலேயே உறுதி கூறுங்கள். விடை எதுவாயினும் அதை ரசிகர்களாகிய எங்களுக்கு முழுமையாக வெளியிடுங்கள். அந்த விடை வந்து சேரும்வரை, உங்கள் அரங்கின் ஒலிபெருக்கிகளில் அந்த முரசையும் அந்த மெட்டையும் ஒலிக்கவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அணியின் ரசிகன்